டாக்டர் சுப்பாராவும் வாரம் ஒரு மாத்திரையும்



இந்த வருஷச் சந்திப்பை ஏற்காட்டில் வைப்பது என்று முடிவானதுமே, உள்ளூர்க்காரன் என்ற முறையில் மலருக்கு ஏதாவது எழுத வேண்டும் என்று சங்கத்தார் கேட்டார்கள். ஏரி, லேடீஸ் சீட், சேர்வராயன் கோயில், காப்பித் தோட்டம் எல்லாவற்றையும் நீங்கள் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து நேரிலேயே பார்க்கப் போகிறீர்கள். விடுதிச் சாப்பாட்டையும் கலைவிழாவையும் பற்றி என்னைவிடச் சுவையாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே, நம்மில் பலருடைய ரெக்கார்டு நோட்டில் பெயர் மட்டும் இருந்து, யார் என்று நாம் கேட்காமலே விட்டுவிட்ட ஒருவரைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன்.

உயிர்வேதியியல் பிராக்டிகல் செய்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பாஸ்பரஸ் அளவைக் கண்டுபிடிக்கிற பரிசோதனை. அம்மோனியம் மாலிப்டேட்டைச் சேர்த்து, ஏ.என்.எஸ்.ஏ. கரைசலை விட்டதும் குழாய்க்குள் மெல்ல நீலம் படரும். எவ்வளவு நீலமோ அவ்வளவு பாஸ்பரஸ். கலரிமீட்டரில் வைத்துப் பார்த்து, கிராப் போட்டு, தலைப்பில் 'ஃபிஸ்கே - சுப்பாராவ் முறை' என்று எழுதி, அடியில் கோடு போட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டுப் போய்விடுவோம். ஃபிஸ்கே வெள்ளைக்காரர் என்று தெரிகிறது. கூட நிற்கிற சுப்பாராவ் யார்?

படிப்பு முடிந்து ஆய்வுக்கூட வேலைக்கு வந்து, இந்த மலையிலேயே ஒரு சின்ன மருத்துவமனையில் மைக்ராஸ்கோப்போடு என் காலம் போயிற்று. அங்கேதான் அந்தப் பெயர் வேறொரு வழியாக மறுபடி என்னிடம் வந்தது. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற பெண்களுக்கு விரல் மூட்டுதான் பிழைப்பு. அதில் முடக்குவாதம் வந்துவிட்டால் காலையில் விரல் மடங்காது. கூடையைப் பிடிக்க முடியாது. சேலம் போய் டாக்டரைப் பார்த்து வருவார்கள். வாரம் ஒரு நாள் மட்டும் போட வேண்டிய மாத்திரை, மெத்தோட்ரெக்சேட் என்று சீட்டில் இருக்கும். கொஞ்ச நாளில் யாராவது, அது புற்றுநோய் மருந்தாச்சே என்று சொல்லிவிடுவார்கள். அவ்வளவுதான், மாத்திரை சுருக்குப் பையிலேயே தங்கிவிடும். ரெண்டு வருஷம் கழித்து அதே அம்மாவை விரல் கோணிப்போன கையோடு பார்க்கிறபோது மனசு சங்கடப்படும். மூட்டு வலிக்கு எதுக்குங்க புற்றுநோய் மருந்து என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டுமென்றால் சுப்பாராவின் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது தடவை பாஸ்

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று பீமவரத்தில் பிறந்தார். இன்று ஆந்திரம், அன்று சென்னை மாகாணம். கஷ்டப்பட்ட குடும்பம். படிப்பில் மனசு ஒட்டாமல், காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று வீட்டை விட்டு ஓடியவர். பிடித்துக்கொண்டு வந்து மறுபடி பள்ளியில் உட்கார வைத்தார்கள். மெட்ரிகுலேஷனில் ரெண்டு தடவை ஃபெயில். மூன்றாவது தடவை, சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத்தான் பாஸ் செய்தார். மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்ததும் ராமகிருஷ்ணா மடத்தில் சேர்ந்து துறவியாகிவிட விரும்பினார். தாயார் வெங்கம்மா சம்மதிக்கவில்லை. அதனால் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். 1919-ல் கல்யாணம், மனைவி பெயர் சேஷகிரி. படிப்புச் செலவில் கைகொடுத்தவர் மாமனார்.

அது காந்தியடிகள் அந்நியத் துணியை விடச் சொன்ன காலம். சுப்பாராவ் ஆபரேஷன் தியேட்டரில் அணிகிற மேலங்கியைக் கதரில் தைத்துப் போட்டுக்கொண்டு போனார். அறுவைச் சிகிச்சைப் பேராசிரியரான வெள்ளைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வு நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்கு ஒரு படி கீழே இருந்த எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது. சென்னை மருத்துவப் பணியில் நுழைய முயன்றார், அதுவும் நடக்கவில்லை. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு இயல் சொல்லிக்கொடுக்கிற வேலைதான் அமைந்தது.

இதற்கிடையில் வீட்டில் விழுந்த அடி பெரியது. அவருடைய சகோதரர்கள் இருவர் ஸ்ப்ரூ என்ற நோயில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல், ஓயாத வயிற்றுப்போக்கும் சோகையுமாக ஆளை உருக்கிவிடுகிற வெப்பமண்டல வியாதி அது. டாக்டருக்குப் படித்த தம்பி, அண்ணன் வீட்டில் இருந்தும் கொடுக்க மருந்து கிடையாது. ஏனென்றால் உலகத்திலேயே அப்போது மருந்து கிடையாது. வெப்பமண்டல நோய்களைப் படிக்கக் கப்பல் ஏறினார். 1922 அக்டோபர் கடைசியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் இறங்கினார். கர்ப்பிணி மனைவியை ஊரில் விட்டுவிட்டு, சீக்கிரம் வந்துவிடலாம் என்றுதான் போனார். திரும்பி வரவே இல்லை.

நீல நிறம் காட்டிய வழி

ஹார்வர்டில் இடம் கிடைத்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை. மருத்துவம் படித்த மனிதர், ராத்திரியில் அங்கே ஒரு மருத்துவமனையில் எடுபிடி வேலை பார்த்தார். நோயாளிகளின் மலசலப் பாத்திரம் கழுவுவதும் அதில் சேர்த்தி. அந்தச் சம்பளத்தில்தான் படிப்பு.

பிறகு உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கேயோடு சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை அளக்க நல்ல முறை வேண்டும் என்பது முதல் வேலை. 1925-ல் அது வெளியாயிற்று. நம்ம நீல நிறக் குழாய் அதுதான். ஏறத்தாழ 100 வருஷமாகியும் மாணவர்கள் அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்றால் எவ்வளவு உறுதியான முறை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவுகோல் கைக்கு வந்ததும், தசைக்குள் இருக்கிற பாஸ்பரஸ் எந்த உருவத்தில் இருக்கிறது என்று தேடினார்கள். 1927-ல் பாஸ்போகிரியேட்டின் கிடைத்தது. 1929-ல் ஏ.டி.பி. அதே வருஷம் ஜெர்மனியில் கார்ல் லோமன் தனியாக அதையே கண்டுபிடித்தார். ஏ.டி.பி.யைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இன்று தெரியும். செல்லுக்குள் புழங்குகிற சில்லறைக் காசு மாதிரி. நம் உடம்பில் எந்த நேரத்திலும் சில பத்து கிராம்தான் இருக்கும். ஆனால் ஒரே நாளில் அதைத் திரும்பத் திரும்ப உடைத்துச் சேர்ப்பதைக் கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ நம் உடல் எடை வந்துவிடும்.

1930-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அப்படிப்பட்டவருக்கு ஹார்வர்டு நிரந்தரப் பதவி தரவில்லை. அவர் பிரித்தெடுத்த வேறு சில பொருட்கள் வெளியிடப்படாமலே போய், பிற்காலத்தில் மற்றவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. இதை, அதே ஆய்வுக்கூடத்தில் மாணவராக இருந்து 1988-ல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பதிவு செய்திருக்கிறார். சுப்பாராவ் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. 1940-ல் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி மருந்துக் கம்பெனிக்கு முழுநேரமாகப் போய்ச் சேர்ந்தார். சீக்கிரமே ஆராய்ச்சிப் பிரிவு முழுவதற்கும் தலைவரானார்.

கீரைச் சத்து

இந்த இடத்தில் நம்ம ஊர்ப் பக்கத்துச் சங்கதி ஒன்று சொல்ல வேண்டும். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் அம்மா 1928-ல் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஏழைக் கர்ப்பிணிப் பெண்களுக்கு வருகிற ஒரு வகைச் சோகையை ஆராய்ந்தார். அதில் சிவப்பணு எண்ணிக்கையில் குறைந்தும் உருவத்தில் பெருத்தும் இருக்கும். குன்னூர் ஆய்வுக்கூடத்திலும் வேலை செய்திருக்கிறார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்தச் சோகை போகிறது என்று 1931-ல் காட்டினார். சாற்றில் இருந்த சத்து எது என்று மட்டும் தெரியவில்லை. 1941-ல் அமெரிக்காவில் டன் கணக்கில் பசலைக் கீரையை அரைத்து அந்தச் சத்தைப் பிரித்தவர்கள், இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள்.

ஆனால் டன் கீரைக்குத் துளிச் சத்து என்றால் ஜனங்களுக்கு எப்படிக் கொடுப்பது? அதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியது சுப்பாராவின் குழு, 1945-ல். அந்த அறிக்கையில் பதினைந்துக்கும் மேற்பட்டவர்கள் பெயர் இருக்கிறது. நடுவில் ஒன்றாக அவர் பெயர். தலைவர் என்ற தனி அடையாளம் கிடையாது.

அடுத்த ஓரிரு வருஷத்திலேயே ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தார்கள். சோகை தெளிந்து எழுந்து உட்கார்ந்தார்கள். அதே கம்பெனியில், சுப்பாராவின் மேற்பார்வையில், 70 வயதில் ஓய்வுபெற்று வந்த தாவரவியல் பேராசிரியர் பெஞ்சமின் டக்கர் ஊர் ஊராக மண்ணைத் தருவித்துச் சோதித்துக்கொண்டிருந்தார். அதில் கிடைத்த ஆரியோமைசின் 1948-ல் வெளிவந்தது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து அது. இன்றைக்கு வெப்பமண்டல ஸ்ப்ரூ வந்தால் டாக்டர் எழுதிக்கொடுப்பது என்ன தெரியுமா? ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும். சகோதரர்களைக் கொண்டுபோன வியாதிக்கு ரெண்டு மருந்தும் அவர் ஆய்வுக்கூடத்திலிருந்தே வந்தன. அவர்களுக்குத்தான் உதவவில்லை.

யானைக்கால் நோய்க்கு நம்ம ஊரில் இலவசமாகக் கொடுத்தார்களே டி.இ.சி. மாத்திரை, அதுவும் அங்கிருந்து 1947-ல் வந்ததுதான்.

சத்தையே ஆயுதமாக்கியது

இனிதான் வாரம் ஒரு மாத்திரை வருகிறது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்று குழந்தைகள் மருத்துவமனை டாக்டர். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் சில வாரம், சில மாதத்தில் இறந்துபோவதைத் தினம் பார்த்தவர். சோகைக்கு நல்லது செய்கிற சத்து இதற்கும் உதவுமோ என்று, லெடர்லியிலிருந்து வந்த ஃபோலிக் அமில வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். நடந்தது நேர் எதிர். புற்றுச் செல்கள் இன்னும் வேகமாகப் பெருகின.

யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். ஒரு செல் ரெண்டாகப் பிரிய வேண்டுமென்றால் அதன் டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்க வேண்டும். அதற்கான மூலப்பொருளைச் செய்ய ஃபோலிக் அமிலம் கட்டாயம் வேண்டும். புற்றுச் செல் ஓயாமல் பிரிகிற செல். அதற்குப் பசி அதிகம். சத்தைக் கொடுத்தால் பெருகுகிறது என்றால், சத்தைப் பறித்தால்?

சுப்பாராவின் வேதியியலாளர்கள் ஃபோலிக் அமிலத்தைப் போலவே இருந்து, ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் மாறிய பொருட்களைத் தயாரித்து ஃபார்பருக்கு அனுப்பினார்கள். அச்சு அசல் சாவி மாதிரி இருக்கும், பூட்டுக்குள்ளும் போகும், ஆனால் திரும்பாது, வெளியேயும் வராது. செல்லுக்குள் ஃபோலிக் அமிலத்தைப் பயன்படுத்துகிற நொதி அப்படியே அடைபட்டுப்போகும். அந்த வரிசையில் வந்தது அமினாப்டெரின். 1947 கடைசியில் தொடங்கி, 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. 1948 ஜூனில் அது வெளியானது. அந்த நலம் சில மாதம்தான் நின்றது. நோய் திரும்பி வந்தது. ஆனாலும் மருந்தால் ரத்தப் புற்றைப் பின்வாங்க வைக்க முடியும் என்று முதல் தடவையாகத் தெரிந்தது.

அதன் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். 1956-ல் நஞ்சுக்கொடித் திசுவில் வருகிற ஒரு புற்றுநோயை இந்த ஒரே மருந்தால் மின் சியூ லீ, ராய் ஹெர்ட்ஸ் என்ற டாக்டர்கள் முழுசாகக் குணப்படுத்தினார்கள். குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு இன்றும் இது கூட்டு மருந்துகளில் ஒன்று. அந்தக் கூட்டில் இன்னொன்று வின்கிறிஸ்டின். நம்ம ஊர் நித்தியகல்யாணிச் செடியில் கிடைப்பது. நல்ல வசதியுள்ள இடங்களில் இன்று பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துக்கொள்கிறார்கள்.

மூட்டு வலிக்கு எதற்கு?

இப்போது அந்த எஸ்டேட் அம்மாக்களின் கேள்விக்கு வரலாம். முடக்குவாதம் என்பது தேய்மானம் அல்ல. நம்மைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே மூட்டைப் பகையென்று எண்ணித் தாக்குகிற நோய். டி செல் என்ற வெள்ளணு, எதிரியைக் கண்டதும் விழித்துக்கொண்டு ஒன்று ரெண்டாய், ரெண்டு நாலாய்ச் சில நாளில் ஆயிரக்கணக்காகப் பெருகும். புற்றுச் செல் போலவே அதற்கும் ஃபோலிக் அமிலம் வேண்டும். புற்றுநோய்க்குக் கொடுப்பதில் மிகச் சிறிய பங்கை வாரம் ஒரு நாள் கொடுத்தால் மூட்டில் கலவரம் அடங்குகிறது. 1951-லேயே இந்தக் குடும்பத்து மருந்தை முடக்குவாதத்துக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 1980-களில் பெரிய பரிசோதனைகள் நடந்து, 1988-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது. இவ்வளவு சின்ன அளவில் மருந்து வேலை செய்வதற்கு ஃபோலிக் அமிலத்தைத் தடுப்பது மட்டும் காரணமில்லை. அடினோசின் என்ற பொருள் திசுக்களில் கூடுவதும் முக்கியக் காரணம் என்று பின்னாளில் தெரிந்தது. அடினோசின் எங்கிருந்து வருகிறது? ஏ.டி.பி. உடைவதிலிருந்து! செல்லுக்குள் இருக்கிற வரைக்கும் ஏ.டி.பி. சக்தி தரும். செல் அடிபட்டு அது வெளியே கசிந்தால், ஆபத்து என்று வெள்ளணுக்களை எழுப்புகிற மணியாகிவிடும். செல்லின் வெளிப்புறத்தில் சிடி 39, சிடி 73 என்று ரெண்டு நொதிகள் அந்த ஏ.டி.பி.யைப் படிப்படியாக உடைத்து அடினோசின் ஆக்கும். அடினோசின், போதும் அடங்கு என்று வெள்ளணுவைத் தட்டிக்கொடுக்கும். முடக்குவாதத்தில் நமக்கு வேண்டியது அதுதான். ஆனால் புற்றுக்கட்டி இதையே தந்திரமாகப் பயன்படுத்துகிறது. தன்னைச் சுற்றி அடினோசினை நிரப்பி, தாக்க வருகிற டி செல்லைத் தூங்க வைத்துவிடுகிறது. அந்தத் தூக்கத்தைக் கலைக்கிற மருந்துகளை உலகம் முழுக்கப் பரிசோதித்துக்கொண்டிருக்கிறார்கள். 1929-ல் சுப்பாராவ் தசையில் கண்ட பொருளும், 1940-களில் அவர் குழு செய்த மருந்தும் ஒரே மூட்டுக்குள் சந்தித்துக்கொள்வதை அவர் அறிய வாய்ப்பே இல்லை.

ஃபார்பரின் முடிவு வெளியாகி ரெண்டு மாதத்தில், 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் தூக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். வயது 53. அமெரிக்காவில் 25 வருஷத்துக்கு மேல் இருந்தும் அந்த நாட்டுக் குடியுரிமை பெறவில்லை. ஊரில் சேஷகிரி அம்மாள் காத்திருந்தது காத்திருந்ததுதான். ஒரு பூஞ்சை வகைக்கு அவர் நினைவாகச் சுப்பாரோமைசஸ் என்று பெயர் வைத்தார்கள். 1995-ல் நூற்றாண்டுக்கு நம் அரசு தபால்தலை வெளியிட்டது. நோபல் பரிசு எதுவும் இல்லை.

இளைய மாணவ மணிகளுக்கு ரெண்டு வார்த்தை. அரியர் வைத்துவிட்டோமே என்று மூலையில் உட்காருகிறவர்கள், மெட்ரிகுலேஷனில் ரெண்டு தடவை தவறியவரின் பெயரைத்தான் ரெக்கார்டில் எழுதுகிறோம் என்பதை ஞாபகம் வையுங்கள். அடுத்தது, வீட்டில் யாருக்காவது முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் கொடுத்திருந்தால், பயந்து நிறுத்த விடாதீர்கள். வாரம் ஒரு நாள் என்பதைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். தினமும் போட்டு ரத்த அணுக்கள் சரிந்து உயிரே போனதுண்டு. டாக்டர் சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது. ஆனால் அதே கர்ப்பிணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற இரும்புச்சத்து - ஃபோலிக் அமில மாத்திரை கட்டாயம் வேண்டும். குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாட்டைத் தடுக்கக் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே, முடிந்தால் அதற்கு முன்பே, ஃபோலிக் அமிலம் போடச் சொல்கிறார்கள். முடக்குவாதக்காரர்களுக்கும், வாரத்தின் மற்ற நாட்களில் ஃபோலிக் அமிலம் எழுதிக்கொடுப்பது வழக்கம். ஆக, அந்த எஸ்டேட் அம்மா கையில் இருக்கிற சீட்டில் ரெண்டு மருந்தும் சுப்பாராவ் வீட்டுச் சரக்குதான்.

இந்தத் தடவை சந்திப்பில் பழைய ரெக்கார்டு நோட்டு வைத்திருக்கிறவர்கள் கொண்டுவாருங்கள். நீலக் கோட்டுக் கிராப்பை இளசுகளுக்குக் காட்டுவோம். மலைக்குளிருக்கு ஸ்வெட்டர் மறக்க வேண்டாம்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் சங்கம்!